மாத்திரை வெட்டும் டப்பா: கைக்குழந்தையின் தைராக்சினுக்கு ஆகுமா?

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கத்து பார்மசிகளில் கிடைக்கும் சின்ன பிளாஸ்டிக் டப்பாதான். மூடியில் பிளேடு, அடியில் திருகி நசுக்கும் கிண்ணம், நடுவில் மாத்திரை போட்டுவைக்க ஓர் அறை. பெரியவர்களின் வெட்டக்கூடிய பிரஷர் மாத்திரைக்குத் தாராளமாக வாங்கலாம். பிறவித் தைராய்டு குறையுள்ள குழந்தைக்கு என்றால், பாதி டப்பாதான் தேறும்.

இந்தக் குறைக்கு ஒரு காரணமான டிபிஓ (தைராய்டு பெராக்சிடேஸ் என்ற என்சைம்) மரபணுக் கோளாற்றில் சுரப்பி இருக்கும், அயோடினும் உள்ளே போகும். அதை ஹார்மோனாக்கும் அந்த என்சைம்தான் வேலை செய்யாது. அயோடின் உப்பைக் கூட்டச் சொல்லும் பக்கத்து வீட்டு வைத்தியம் இங்கே எடுபடாது. அந்த ஹார்மோனையே மாத்திரையாகத் தரும் லெவோதைராக்சின்தான் (சுருக்கமாகத் தைராக்சின்) வழி. பச்சிளங்குழந்தைக்குத் தினமும் கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். 3 கிலோ குழந்தைக்கு டாக்டர் 37.5 எழுதினால், 25 மைக்ரோகிராம் மாத்திரையில் ஒன்றரை.

அந்த அரையை வெட்ட டப்பா கெட்டி. மாத்திரையின் நடுக்கோடு பிளேடுக்கு நேராக இருக்கட்டும். மூடியை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். தயங்கித் தயங்கி அழுத்தினால் ஓரம் உதிரும். பிளேடு மழுங்கினாலும் அப்படித்தான்.

நசுக்கும் கிண்ணம்தான் சொதப்பல். பொடி சுவரில் ஒட்டும், திருகு வரியில் புகும். பொடியில் பத்தில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டால் மருந்திலும் அவ்வளவு போச்சு. நாளுக்கொரு அளவாக இறங்கினால் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ஏறும். டாக்டரோ மருந்து போதவில்லை என்று டோஸைக் கூட்டுவார்.

இரண்டு எவர்சில்வர் கரண்டி இதைவிட மேல். மாத்திரைமேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, இளகியதும் மறு கரண்டியின் முதுகால் தேயுங்கள். 2 மில்லி தாய்ப்பாலிலோ கொதித்து ஆறிய நீரிலோ கலந்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்தின் உட்புறமாக மெதுவாக விடுங்கள். கரண்டியை 1 மில்லியால் அலசி, அதையும் கொடுத்துவிட வேண்டும். பால் பாட்டில் முழுக்கக் கலந்தால், குழந்தை மிச்சம் வைக்கும் பாலோடு மருந்தும் போகும். கரைத்ததை எடுத்துவைக்கக் கூடாது. சோயா பால்மாவு, இரும்பு, கால்சியம் மருந்துகள் தைராக்சின் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இடைவெளியை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடு அறையில் ஒரு வாரத்து மாத்திரையைக் கொட்டிவைக்காதீர்கள். கோலாலம்பூர்ப் புழுக்கத்துக்கு, அட்டையிலேயே இருப்பது நல்லது. வெட்டிய மறுபாதியை மறுநாளே தீர்த்துவிடுங்கள்.

பிளேடுக்காக வாங்கலாம். ஆனால் தாத்தாவின் பிரஷர் மாத்திரைக்கு வேறு டப்பா.