பழைய டெஸ்க்டாப்பில் வைஃபை: தகரப் பெட்டியை விட்டு விலகினால்தான் நிம்மதி

பழைய டெஸ்க்டாப்பில் வைஃபை தகராறு செய்தால் முதல் திட்டு ரௌட்டருக்கு, அடுத்த திட்டு இணைய இணைப்பு தந்த நிறுவனத்துக்கு. கோர் 2 டுவோ பிராசஸரும் ஜி41 மதர்போர்டும் கொண்ட ஒரு கணினியைப் பல வருடங்களாக வைஃபையிலேயே ஓட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரும்பாலான நேரம் இருவருமே நிரபராதிகள். கோளாறு கேபினட்டைச் சுற்றி ஒரு முழத்துக்குள்தான் இருக்கும். அந்தத் தகரப் பெட்டியிலிருந்து வைஃபை அடாப்டர் (யூஎஸ்பி போர்ட்டில் செருகிக் கணினிக்கு வைஃபை தரும் சிறு சாதனம்) எவ்வளவு விலகி இருக்கிறதோ, அவ்வளவுக்குத் தொல்லை குறைவு.

இந்த மெஷினை ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கு எழுதவும், கடிதம் தட்டச்சு செய்யவும், பழைய லேசர் பிரின்டரில் அச்செடுக்கவும் அது தாராளமாகப் போதும். ராமை 4 ஜிபி ஆக்கி எஸ்எஸ்டி மாட்டிய பிறகு வேகத்திலும் குறை சொல்வதற்கில்லை. லேன் கேபிள் இழுத்துவிட்டால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. கேட்5இ கேபிள் 100 மீட்டர் வரை போகும். ஆனால் வாடகை வீடு. சுவரில் ஆணி அடித்தாலே வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். டிரில் போடுவதைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. ரௌட்டர் கூடத்தில், கணினி உள்ளறையில், நடுவில் செங்கல் சுவர், சுவரை ஒட்டி ஓர் இரும்பு பீரோ.

முதலில் வாங்கியது நகத்தளவு நானோ அடாப்டர். அட்டையில் 150 எம்பிபிஎஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. 802.11என் என்ற வைஃபை தலைமுறையைச் சேர்ந்த, ஒற்றை ஆன்டெனா கொண்ட அடாப்டருக்கு 40 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலம் கிடைத்தால்தான் அந்த 150. வீட்டுக்கு வீடு ரௌட்டர் இருக்கும் தெருவில் பெரும்பாலும் 20 மெகாஹெர்ட்ஸ்தான் வாய்க்கும்; அப்போது உச்சமே 72. கோப்பு இறங்கும் வேகம் அதில் ஏறக்குறைய பாதி. ஆகவே 35, 40 வந்தால் அடாப்டர் ஒழுங்காக உழைக்கிறது என்று பொருள். எனக்கு அதுவும் வரவில்லை. பின்பக்க போர்ட்டில் செருகினால் அடாப்டர் தரைக்கு அருகே, தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், எதிரே நிற்கும் கேபினட் அதற்குக் கோட்டை மதில். திரையில் சிக்னல் கோடுகள் நிறையத் தெரியும், பக்கம் மட்டும் திறக்காது.

அந்தக் கோடுகளை நம்புவதை விட்டுவிட்டு பிங்கை நம்பலாம். ஒரு சிறு செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் கட்டளை அது. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ரௌட்டரின் முகவரிக்கு, என் வீட்டில் 192.168.1.1, நிறுத்தாமல் பிங் ஓடவிட வேண்டும். பாதை நன்றாக இருந்தால் 2, 3 மில்லி விநாடி என்று வரிகள் சீராக இறங்கும். என் கறுப்புத் திரையில் 3, 4, 780, 1200, பிறகு பதிலே வராத இரண்டு மூன்று வரிகள், மறுபடி 5. பத்தடி தூரத்து ரௌட்டருக்கே இந்தக் கதி என்றால் வெளியுலகைக் குறை சொல்லி என்ன பயன்? ரௌட்டர் வரை சீராக இருந்து, அதற்கப்பால் மோசமாக இருந்தால் மட்டும் இணைய நிறுவனத்துக்கு போன் செய்யலாம்.

ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு கேபிள் வாங்கி, அடாப்டரை பீரோவின் மறைவிலிருந்து விலக்கி மேசைக்கு மேலே கொண்டுவந்ததும் 780, 1200 எல்லாம் காணாமல் போயின. புது அடாப்டர் வாங்கும் முன் இதைத்தான் செய்ய வேண்டும் என்று அடித்துச் சொல்வேன். கேபிளை மிக நீளமாக வாங்கவும் கூடாது. மலிவான நீட்டிப்பு கேபிள்களில் கம்பி மெலிது. தூரம் கூடக் கூட 5 வோல்ட் அடாப்டரைச் சென்று சேரும்போது குறைந்துபோயிருக்கும். கேபினட்டின் முன்பக்க போர்ட்டுகளிலும் இதே நோய் உண்டு, அவை உள்ளே ஒரு மெல்லிய கம்பி வழியாகத்தான் போர்டோடு இணைந்திருக்கின்றன. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும். பழைய எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் மின்சாரம் தரும் பெட்டி), தலை உப்பிய கெபாசிட்டர்கள் என்று மற்றவையும் சேர்ந்தால் அடாப்டர் நடுநடுவே கழன்று மாட்டிக்கொள்ளும் ஓசை ஸ்பீக்கரில் கேட்கும். அந்த ஓசை கேட்டால் ரௌட்டர் பக்கம் போகவே வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுத்துவிட வேண்டும். மேசைக் கணினியில் மிச்சப்படுத்த பேட்டரியா இருக்கிறது?

இதற்கெல்லாம் அடங்காமல் நீண்ட நாள் தலைவலி கொடுத்தது வேறொன்று. இந்தப் போர்டில் யூஎஸ்பி 3.0 கிடையாது என்பதால் தனியாக ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு மாட்டியிருந்தேன். வெளி ஹார்டு டிஸ்க்குக்குக் கோப்புகளை நகலெடுக்க ஆரம்பித்தால் வைஃபை தடுமாறும், நகலெடுத்து முடிந்தால் தானாகச் சரியாகிவிடும். வைரஸ் என்றார் ஒருவர், பிராசஸருக்குத் திணறல் என்றார் இன்னொருவர். உண்மைக் காரணத்தை இன்டெல் 2012லேயே ஓர் ஆய்வுக் குறிப்பாக வெளியிட்டிருக்கிறது: யூஎஸ்பி 3.0 ஓடும்போது எழும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் வந்து விழுகிறது. சரியாகக் கவசமிடாத கேபிளும் டிஸ்க் பெட்டியும் அக்கம்பக்கத்தில் இருக்கும் வைஃபை அடாப்டரின் காதைச் செவிடாக்கிவிடும். பிங்கை ஓடவிட்டபடியே டிஸ்க்கைச் செருகியும் கழற்றியும் பார்த்தால் கண்ணெதிரே தெரியும். அடாப்டரை இடது பக்கமும் டிஸ்க்கை வலது பக்கமும் பிரித்து வைத்த பிறகு சண்டை ஓய்ந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அடாப்டர் என்றால் இந்த இரைச்சல் அதைத் தொடாது, ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும்போது அதிகம் மெலிந்துவிடும். என் வீட்டுப் பீரோவுக்குப் பின்னால் அது எடுபடவில்லை.

ஃபைபர் இணைப்புக்கு மாறி ரௌட்டர் புதிதாக வந்தபோது வேறு வகைக் கோளாறுகள் வந்தன. 2.4க்கும் 5க்கும் ஒரே பெயர் வைத்திருந்தார்கள். பழைய அடாப்டர் திணறியது. பெயரைப் பிரித்து, கணினியை 2.4இல் நிறுத்தினேன். பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ3 மட்டும் இருந்தால் பழைய அடாப்டர் உள்ளே நுழையாது, டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் வேண்டும். ஏஇஎஸ்ஸுக்குப் பதில் டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறையை வைத்தால் 802.11என் வேகம் கிடைக்காமல் 54 எம்பிபிஎஸுக்கு இறங்கிவிடும். இன்னும் வேடிக்கையானது, பக்கத்து வீட்டு நெட்வொர்க்குகள் எல்லாம் பட்டியலில் தெரிய, நம் வீட்டு நெட்வொர்க் மட்டும் தெரியாமல் போவது. 2.4 பட்டை சேனல்கள் எனும் எண்ணிட்ட அலைவரிசைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; இந்தியாவில் 13 வரை பயன்படுத்தலாம். அமெரிக்கச் சந்தைக்கென அமைத்த அடாப்டர்கள் பல 11க்கு மேல் தேடுவதே இல்லை. ரௌட்டர் தானாக 12 அல்லது 13க்குத் தாவினால் அத்தகைய அடாப்டருக்கு அது இல்லாத ரௌட்டர்தான். 1, 6, 11 மூன்றில் நெரிசல் குறைந்த ஒன்றைக் கையால் குறித்து வைப்பது நல்லது.

மின்வெட்டுக்குப் பிறகு கணினியைப் போட்டால் வைஃபை இணைந்திருக்கிறது, பிங் பிரமாதம், ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் செல்லாது என்று பிரௌசர் பயமுறுத்துகிறது. இப்படி நடந்தால் திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். அந்தத் தேதியில் இன்றைய சான்றிதழ் எதுவும் பிறந்திருக்காது. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும் சாமான். இதற்காக ஓஎஸ்ஸை மறுபடி போட்டவர்களை எனக்குத் தெரியும்.

அடாப்டரை இயக்கும் மென்பொருளான டிரைவர் விஷயத்தில் கோழியா முட்டையா கதைதான்: நெட் இருந்தால்தான் டிரைவர் இறங்கும், டிரைவர் இருந்தால்தான் நெட் வரும். ஆண்ட்ராய்டு போனை வைஃபையில் வைத்து, சார்ஜ் கேபிளால் கணினியோடு இணைத்து, போனின் இணையத்தைக் கேபிள் வழியாகப் பகிரும் யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் விண்டோஸ் 7கூட அதை ஒரு நெட்வொர்க் கார்டாக ஏற்றுக்கொள்ளும். கூடவே ஒரு சோதனையும் முடிந்துவிடும். அதே மேசையில் போன் வழியாக நெட் நன்றாக வந்தால் அறைக்குள் அலை வருகிறது, அடாப்டர் பக்கம்தான் கோளாறு. விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டதால் இப்போது நான் லினக்ஸ் மின்ட்டில் இருக்கிறேன். அதில் ஏஆர்9271 சிப் கொண்ட பழைய அடாப்டர்கள் செருகியவுடன் வேலை செய்கின்றன, அதற்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது.

கடைசியில் நான் நிலைகொண்டது அடாப்டரே இல்லாத ஏற்பாட்டில். பரணில் கிடந்த பழைய ரௌட்டரை கிளையன்ட் மோடில் அமைத்து பீரோவின் மேலே வைத்துவிட்டேன். அது கூடத்து வைஃபையைப் பிடித்து, ஒரு சிறு லேன் கேபிள் வழியாகக் கணினிக்குத் தருகிறது. கணினியைப் பொறுத்தவரை அது வெறும் லேன். டிரைவர் வேண்டாம், எந்த ஓஎஸ் போட்டாலும் கவலையில்லை, யூஎஸ்பி இரைச்சலும் எட்டாது. இரண்டு ரௌட்டருக்கும் ஒரே ஐபி முகவரி இருக்கக் கூடாது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். இன்வெர்ட்டரில் இன்னொரு பிளக் தேவைப்படுவதும், ரௌட்டர் சில சமயம் மின்சாரம் வந்த பிறகு நிதானமாக இணைவதும் இதன் குறைகள். பழைய ரௌட்டர்கள் எல்லாவற்றிலும் இந்த மோடு இருக்காது, அமைப்புப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ரௌட்டர் கைவசம் இல்லாமல் அடாப்டர்தான் வாங்குவதென்றால், நானோவை விட்டுவிட்டு வெளி ஆன்டெனாவும் கேபிளும் உள்ளதாகப் பாருங்கள். சென்னையின் மின்னணுச் சாமான் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் மாடல் எண்ணோடு நிறுத்தாமல் பதிப்பு எண்ணையும் கேளுங்கள். ஒரே மாடலின் முதல் பதிப்பில் ஒரு சிப், அடுத்ததில் வேறொரு சிப் இருப்பது இந்தச் சாமானில் வெகு சாதாரணம். லினக்ஸில் முதலாவது ஓடும், இரண்டாவது ஓடாது. அட்டையின் அடிப்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கடைக்காரரிடம் கேட்டால் எல்லாம் ஒன்றுதான் சார் என்பார். பிரித்துக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.