சோதனை இலவசம், திருத்தக் காசு: அப்பாவின் கணினிக்கு நடந்தது

வெள்ளவத்தையில் இருக்கும் என் அப்பாவிடமிருந்து இரண்டு மாதத்துக்குள் 22,000 ரூபாய்க்கு மேல் பறிபோனது. அதோடு, ஓய்வுபெற்ற பிறகு நான்கு வருடமாக அவர் ரைப் செய்து வைத்திருந்த ஊர்க் கட்டுரைகளில் 11 இனிக் கிடைக்காது. முதலில் ஏமாற்றியது ஓர் ‘இலவச’ மென்பொருள். அடுத்ததாகக் கெடுத்தது அதைத் திருத்தித் தருவதாகச் சொன்ன ஒரு கடை. முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் இரண்டின் பெயரையும் போடவில்லை. இதே வேலையை வேறு வேறு பெயரில் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் பெயரைவிட அவர்கள் செய்யும் விதத்தைத் தெரிந்து வைத்திருங்கள்.

அப்பாவின் கணினி 2017இல் வாங்கியது. சனிக்கிழமைகளில் கனடாவில் இருக்கும் பேரப்பிள்ளைகளோடு சூமில் கதைப்பார், மற்ற நேரமெல்லாம் எழுதுவார். கொஞ்சக் காலமாகவே அது திறந்து வர ஐந்து நிமிடம் எடுத்தது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கு வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றன. அதைப் பேப்பரில் வாசித்த நாளிலிருந்து அவருக்கு நிம்மதி இல்லை. "பிள்ளை, இனி இதுக்குள்ள வைரஸ் பூந்து என்ர எழுத்தெல்லாம் போயிடுமோ?" என்று போனில் கேட்டார். "ஞாயிற்றுக்கிழமை வந்து பாக்கிறன் அப்பா" என்றேன். அந்த ஞாயிறு ஒபிஸ் வேலை வந்துவிட்டது, போகவில்லை. (வீட்டுப் பாவனையாளர்கள் பதிவு செய்தால் 2026 ஒக்டோபர் 13 வரை நீடித்த புதுப்பிப்பு உண்டு. மைக்ரோசொஃப்ட் கணக்கோடு கணினியின் அமைப்புகளை இணைத்துவிட்டால் அதற்குக் காசும் இல்லை. அன்று போனிலேயே இதை அவருக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே என்று இப்போதும் மனம் வருந்துகிறது.)

நான் போகாததால் அவர் தானாகவே ஒரு வழி தேடினார். யாரோ நண்பர் சொன்ன, பலருக்கும் தெரிந்த ஒரு துப்புரவு மென்பொருளின் பெயரைக் கூகிளில் போட்டு, முதலில் வந்ததை அமத்தியிருக்கிறார். பிறகு நானும் அதே பெயரைத் தேடிப் பார்த்தேன். முதலில் வந்த இணைப்புக்கு மேலே சின்ன எழுத்தில் ‘ஸ்பொன்சர்ட்’ என்று இருந்தது, அதாவது காசு கொடுத்து மேலே ஏறிய விளம்பரம். முகவரியில் அந்த நல்ல மென்பொருளின் பெயரும் இருந்தது, கூடவே ஒரு கோடும் இன்னொரு சொல்லும். கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் 71 வயதுக்காரருக்கு அந்தக் கோடு தெரியாது. உள்ளே போனால் மூன்று பச்சை நிற டவுன்லோட் பட்டன்கள். நிறுவும்போது வரும் இரண்டாவது திரையில், மங்கிய எழுத்தில், ஏற்கெனவே சரி போட்டபடி இரண்டு கட்டங்கள்: ஒன்று டிரைவர்களை (கணினியின் பாகங்களை இயக்கும் சின்ன நிரல்களை) புதுப்பிக்கும் மென்பொருள், மற்றது பிரவுசருக்கு ஏதோ ஒரு நீட்சி. ‘நெக்ஸ்ட்’ அமத்தினால் மூன்றும் சேர்ந்து உள்ளே வரும்.

பிறகு சோதனை தொடங்கும். ஓர் இலக்கம் டிக் டிக் என்று சத்தத்தோடு ஏறிக்கொண்டே போகும். அப்பாவுக்கு 1,847இல் நின்றதாம். திரை முழுக்கச் சிவப்பு, கணினி ஆபத்தான நிலையில் இருப்பதாக எச்சரிக்கை. எல்லாவற்றையும் திருத்தும் பட்டனை அமத்தினால் கார்ட் இலக்கம் கேட்கும். 39.95 டொலர். வங்கிக் கட்டணத்தோடு 12,500 ரூபாய் ஆனது. கொடுத்தார். அரை நிமிடத்தில் திரை பச்சையானது. கணினி மட்டும் பழையபடி ஐந்து நிமிடம் எடுத்துத்தான் திறந்தது.

அடுத்த நாளிலிருந்து வலதுபக்கக் கீழ்மூலையில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வைரஸ் எச்சரிக்கை துள்ளி எழும்பத் தொடங்கியது. அது வைரஸ் எச்சரிக்கையே அல்ல. ஏதோ ஓர் இணையத்தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டபோது ‘அலவ்’ அமத்தியிருக்கிறார், அந்தத் தளம் அனுப்பிய விளம்பரங்கள்தான் அவை. பிரவுசர் அமைப்புகளில் அறிவிப்புகள் என்ற பகுதிக்குப் போய், தெரியாத தளங்களை நீக்கினால் அந்த நிமிடமே நின்றுவிடும். இது தெரியாமல் அப்பா பயந்துபோய், பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் கணினி திருத்தும் கடைக்கு ஓட்டோ பிடித்து அதைத் தூக்கிக்கொண்டு போனார்.

"அங்கிள், ஃபோமட் பண்ணினாத்தான் சரிவரும். அன்டிவைரஸ், ஒபிஸ் எல்லாம் ஃப்ரீயா போட்டுத் தாறம்."

"என்ர எழுத்துகள் எல்லாம் இருக்குமோ தம்பி?"

"டீ டிரைவில இருக்கிறது ஒண்டும் போகாது அங்கிள்."

டீ டிரைவ் என்றால் என்னவென்று அப்பாவுக்குத் தெரியாது. அவருடையது முழுக்க டொக்கியுமென்ட்ஸ் கோப்புறையில், அதாவது ஃபோமட் பண்ணினால் அழிந்துபோகும் சீ டிரைவில் இருந்தது. அந்தப் பெடியன் அதைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும், பார்க்கவில்லை. 5,000 ரூபாய் வாங்கினார்கள். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா கணினிக்கு முன்னால் கதிரையில் சும்மா இருந்தார். கோப்புறை வெறுமை. போட்டுக் கொடுத்திருந்த அன்டிவைரஸும் ஒபிஸும் பூட்டுடைத்த திருட்டுப் பிரதிகள். அவை ஓடுவதற்காக, விண்டோஸோடு வரும் டிஃபென்டரில் சீ டிரைவ் முழுவதையும் விலக்குப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். காவல்காரனைக் கூப்பிட்டு முன்வாசல் பக்கமே பார்க்காதே என்று சொல்லி வைத்ததற்குச் சமம். கடையிலிருந்து கணினி திரும்பி வந்தால் முதலில் இதைப் பாருங்கள்: விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்பின் அமைப்புகளுக்குள் போனால் கடைசியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்று இருக்கும். வீட்டுக் கணினியில் அந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும்.

அதே கிழமை வங்கியிலிருந்து குறுஞ்செய்தி. 14.95 டொலர், ஏறக்குறைய 4,600 ரூபாய். மங்கிய எழுத்தில் சேர்ந்து வந்த டிரைவர் மென்பொருளின் மாதக் கட்டணமாம். கணினியை ஃபோமட் பண்ணினாலும் கார்ட் இலக்கம் அவர்களிடம்தானே இருக்கிறது. கார்டை நிறுத்தி வேறு எடுத்த பிறகுதான் அது ஓய்ந்தது.

தெஹிவளையில் இருக்கும் சித்தியின் மகன் ஐ.டி. வேலை செய்பவன். அவனிடம் சொன்னதும் "அக்கா, ஒருக்கா சோதிச்சுப் பாப்பம்" என்றான். வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற மென்பொருளில், ஒரு கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை உருவாக்கி, புத்தம்புதிதாக விண்டோஸை நிறுவினான். அதில் ஒரு கோப்புக்கூட இல்லை. அதே பக்கத்திலிருந்து அதே மென்பொருளை இறக்கி ஓடவிட்டான். பிறந்து அரை மணித்தியாலம் ஆகாத அந்தக் கணினியில் 1,212 பிழைகள்! பட்டியலை விரித்துப் பார்த்தோம். இணையத்தளங்கள் விட்டுப்போகும் குக்கீஸ், தற்காலிகக் கோப்புகள், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கிடக்கும் வரிகள் என்று ஒவ்வொன்றையும் ஒரு பிழையாக எண்ணியிருந்தது. ரெஜிஸ்ட்ரியில் வெறும் வரிகள் கிடப்பதால் கணினி மெதுவாகாது. அவற்றைத் தெரியாமல் அழித்தால்தான் விண்டோஸையே திரும்ப நிறுவும் நிலை வரும். அதற்கென்று வரும் துப்புரவு மென்பொருள்களைப் பாவிப்பதை மைக்ரோசொஃப்ட் ஆதரிப்பதும் இல்லை.

இந்தச் சோதனை நாடகம் பழையது. அமெரிக்காவில் ஒஃபிஸ் டிப்போ கடைகளில் ஓடிய ஒரு சோதனையில், தொடக்கத்தில் வாடிக்கையாளரிடம் நான்கு கேள்விகள் கேட்பார்கள். கணினி மெதுவாக இருக்கிறதா என்பது போன்றவை. ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்று சரி போட்டாலே, கணினியில் தீநிரல் (வைரஸ் போன்ற கெட்ட நிரல்) இருப்பதற்கான அறிகுறி என்று முடிவு வரும். சோதனை எதையும் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே இல்லை. 2019இல் அந்தக் கடைத்தொடரும் மென்பொருளைக் கொடுத்த நிறுவனமும் சேர்ந்து 35 மில்லியன் டொலர் கட்டி அங்குள்ள வர்த்தக ஆணையத்தோடு வழக்கை முடித்துக்கொண்டன. 2024இல் இதேபோன்ற குற்றச்சாட்டில் சைப்பிரஸ் நாட்டு நிறுவனங்கள் இரண்டு 26 மில்லியன் கட்டச் சம்மதித்தன. படித்தவர்களும் இளையவர்களும் அங்கே ஏமாந்திருக்கிறார்கள். அதனால் தயவுசெய்து உங்கள் வீட்டுப் பெரியவர்களை ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த முறை உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

இனி எழுத்துகளின் கதை. நான் செய்த ஒரே நல்ல காரியம், கணினியை உடனே நிறுத்தியது. அழிந்த கோப்பு ஹார்ட் டிஸ்க்கில் உடனே மறைந்துவிடாது, அதற்கு மேல் வேறொன்று எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போய்ச் சின்ன எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்று வாங்கி விண்டோஸை அதில் போட்டோம். பழைய டிஸ்க்கைக் கழற்றித் தம்பியின் கணினியில் இணைத்து, அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் என்ற கட்டற்ற மென்பொருளை இரவு முழுக்க ஓடவிட்டோம். மீட்டதைப் பழைய டிஸ்க்கிலேயே சேமிக்கக் கூடாது, வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். (பழையது எஸ்.எஸ்.டி.யாக இருந்திருந்தால் அநேகமாக ஒன்றுமே கிடைத்திராது. அழித்த இடத்தை அது தானே துடைத்துவிடும்.)

காலையில் ஆயிரக்கணக்கான கோப்புகள், பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இல்லை, வெறும் இலக்கங்கள். ஒவ்வொன்றாகத் திறந்தோம். முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாதான் தோளுக்கு மேலால் பார்த்துவிட்டு, "உதுக்கு பாமினி போடவேணுமெல்லோ" என்றார். அப்பா எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாறவே இல்லை, இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் அடிக்கிறார். ஃபோமட்டோடு அந்த எழுத்துருவும் போயிருந்தது. அது இல்லாமல் ‘அம்மா’ என்ற சொல்கூட நாலு ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். எழுத்துருவைப் போட்டுத் திரும்பத் திறந்தோம். "எங்கட வளவுக் கிணத்தடியில" என்று ஒரு வரி எழும்பி வந்தது. அப்பா பக்கத்தில் வந்து நின்று கடைசிவரை வாசித்தார். 40 கட்டுரைகளில் 29 கிடைத்தன. மற்ற 11 இருந்த இடத்தில் கடைக்காரர்கள் புது விண்டோஸை எழுதிவிட்டார்கள்.

கணினி மெதுவாக இருந்ததற்கு உண்மையான காரணத்தை, கணினியில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மனேஜர் ஒரு நிமிடத்தில் காட்டியிருக்கும். பழைய சுழலும் டிஸ்க் எந்நேரமும் 100 சதவீதத்தில் நின்றது. எஸ்.எஸ்.டி. போட்டதும் அரை நிமிடத்தில் திறக்கிறது. அதன் விலை, அந்தப் போலி மென்பொருளுக்குக் கட்டியதைவிடக் குறைவு. துப்புரவுக்கு இப்போது தனியாக ஒன்றுமே போடவில்லை. விண்டோஸிலேயே இருக்கும் ஸ்டோரேஜ் சென்ஸ் தற்காலிகக் கோப்புகளை அழிக்கிறது, டாஸ்க் மனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் தேவையில்லாதவற்றை நிறுத்தினேன், வைரஸுக்கு டிஃபென்டர். படம் பார்க்க விஎல்சி, சுருக்கிய கோப்புகளுக்குச் செவன்-ஸிப், எழுத லிப்ரே ஒபிஸ். ஃபயர்பொக்ஸ் பிரவுசரில் யூபிளொக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியைப் போட்டதால் தேடலில் அந்த விளம்பர இணைப்புகள் அப்பாவின் கண்ணில் படுவதில்லை. என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

ஆங்கிலத்தின் ‘ஃப்ரீ’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு சொல் இருப்பது நல்லதாகப் போயிற்று. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. விஎல்சி 1996இல் பாரிஸில் மாணவர்கள் தொடங்கிய வேலை, அதன் மூல நிரலை எவரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம். ஃபோட்டோரெக்கும் அப்படித்தான். சோதித்துவிட்டுக் கார்ட் இலக்கம் கேட்பது இந்த வகையில் சேராது. கடைக்காரர் ‘ஃப்ரீயா’ போடும் பூட்டுடைத்த ஒபிஸும் சேராது. ஆனால் கட்டற்ற மென்பொருளின் பெயரிலும் போலிகள் உலாவுகின்றன. விஎல்சிக்கே எத்தனையோ போலித் தளங்கள். 2015இல் மென்பொருள்களை இறக்கத் தரும் சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற பெரிய தளமே, படம் திருத்தும் ஜிம்ப் மென்பொருளின் நிறுவியில் விளம்பரப் பொருள்களைச் சேர்த்துக் கொடுத்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டது. ஆகவே செய்தவர்களின் சொந்தத் தளத்துக்கே போங்கள், முகவரியை எழுத்தெழுத்தாக வாசியுங்கள், சந்தேகம் என்றால் இறக்கிய கோப்பை, பல அன்டிவைரஸ்களால் ஒரேயடியாகச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். சொந்தத் தளமும் தவறிய நாள் உண்டு: 2017இல் சிகிளீனர் என்ற துப்புரவு மென்பொருளின் ஒரு பதிப்புக்குள் ஊடுருவிகள் தீநிரலைச் சேர்க்க, 20 இலட்சத்துக்கும் அதிகமானோரின் கணினிக்குள் அது போனது. அதன் பிறகு, கட்டாயம் தேவைப்படாத எதையும் நான் நிறுவுவதில்லை.

கடைக்குப் போய்க் கேட்டோம். "டீ டிரைவ் எண்டு சொன்னனாங்கள்தானே அக்கா" என்றார்கள், அவ்வளவுதான். நுகர்வோர் அதிகாரசபையின் 1977க்கு அழைத்து முறையிட்டிருக்கிறோம். பில் இல்லாதது பெரிய இடைஞ்சலாக இருக்கிறது, அதனால் நீங்கள் கடையில் பில் இல்லாமல் காசைக் கொடுக்காதீர்கள். இணைய மோசடிக்கு, இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை செர்ட் அமைப்பின் 101 இலக்கம் இருக்கிறது. வங்கியில் இரண்டு கொடுப்பனவுகளையும் மறுத்துப் படிவம் கொடுத்தாயிற்று. நாங்கள் தாமதமாகப் போனோம், நீங்கள் குறுஞ்செய்தி வந்த அன்றைக்கே போங்கள். பதில் வந்ததும் இதன் கீழேயே எழுதுகிறேன்.