மாஸ்ட்ரிக்ட் நேர்காணல்: குரல்களை விசாரிக்கும் முறை எப்படி?

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ள ஒருவர் "காதில் குரல் கேட்குது" என்றால், பெரும்பாலும் அடுத்த கேள்வி மாத்திரை பற்றியதாகத்தான் இருக்கும். அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று விசாரிப்பவர்கள் குறைவு. அந்தக் குறையை நிரப்ப வந்தது, நெதர்லாந்து நகரமான மாஸ்ட்ரிக்டின் பெயர் கொண்ட இந்த நேர்காணல். அந்நாட்டு மனநல மருத்துவர் மாரியஸ் ரோமும் பத்திரிகையாளர் சாண்ட்ரா எஷரும், 1987-இல் தொடங்கி, குரல் கேட்கும் ஏராளமானோரிடம் பேசி உருவாக்கியது.

கேள்விகள் துல்லியமானவை. குரல்கள் எத்தனை, ஆணா பெண்ணா, வயது என்ன இருக்கும், உங்களை எப்படி அழைக்கிறது, முதன்முதலில் கேட்டபோது வாழ்க்கையில் என்ன நடந்துகொண்டிருந்தது, எப்போது சத்தம் கூடுகிறது. "நீ எதுக்கும் லாயக்கில்லை" என்று திட்டும் குரல், தனியாக இருக்கும்போதும் யாராவது குறை சொன்ன பிறகும் மட்டும் உரக்கக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அவரே சொல்லி முடிக்கும்போது, காரணமில்லாமல் வந்த சாபம் போலிருந்த ஒன்றுக்கு நேரமும் தூண்டுதலும் இருப்பது அவர் கண்ணுக்கே தெரிகிறது. பிறகு சேகரித்ததை அறிக்கையாக எழுதி அவரிடமே காட்டுவார்கள். கடைசியில் இரண்டே கேள்வி: இந்தக் குரல்கள் யாரைக் குறிக்கின்றன? எந்தப் பிரச்சினையைக் குறிக்கின்றன?

சொதப்பல் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அவசரப்படும் பேட்டியாளர் "இது உங்கள் அப்பாதானே?" என்று தானே பதிலை எடுத்துக் கொடுத்துவிடுவார். அப்படிக் கொடுத்த அர்த்தம் ஒட்டாது. குரல் கேட்கும் எல்லோருக்கும் சிறுவயது வதை இருந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. தோண்டித் துருவுவது கொடுமை. கடவுளின் சோதனை என்பவர், மூளை நோய் என்பவர், இரண்டையும் சேர்த்து நம்புபவர், எவரானாலும் அவருடைய விளக்கத்தை அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்வதுதான் முறை.

சிறுவயது பற்றிய கேள்விகள் வந்த இரவு குரல்கள் கூடலாம். மறுநாள் பேச ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டே அந்தப் பகுதியைத் தொடங்க வேண்டும். ஒரே அமர்வில் முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. குரல்களைச் சமாளிக்கும் வழிகளில் ஒன்று எளிது: "இப்போ முடியாது, ஏழு மணிக்கு வா" என்று குரலுக்கு நேரம் குறித்து, அந்நேரம் பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் கேட்பது. எல்லோருக்கும் பலிக்காது, பலிப்பவர்களுக்கு மீதிப் பொழுது அவர்கள் கைக்கு வருகிறது.

குறைகளும் உண்டு. மனச்சிதைவில் வரும் ஆர்வமின்மை, பேச்சு குறைதல், ஒதுங்கிப் போதல் ஆகியவற்றுக்கு இதில் பெரிதாக ஒன்றுமில்லை. சிந்தனை சிதறிக் கிடக்கும் தீவிரக் கட்டத்தில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பது வீண். இதன் பலன் பற்றிய ஆய்வுச் சான்றும், ஆதரவாளர்கள் பேசும் உற்சாகத்துக்கு ஈடாக இல்லை.

அர்த்தம் புரிந்துவிட்டதென்று மாத்திரையைச் சட்டென நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது. குறைப்பதானால் மருத்துவரோடு பேசி, படிப்படியாக. தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்லி குரல் கட்டளையிட்டால் நேர்காணலை அங்கேயே நிறுத்திவிட்டு, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.