க்யூவில் நின்ற மின்னஞ்சலுக்கு மீட்புக் கட்டணம் கேட்டார்கள்

மின்னஞ்சல் சர்வரை மாற்றித் தருகிறோம் என்று பாரிமுனை, மண்ணடிப் பக்கம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறவர்களிடம் வேலையைக் கொடுக்க இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

தம்புச் செட்டித் தெருவில் எங்களுடையது, சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம். சரக்கை ஒப்படைக்கச் சொல்லும் கப்பல் கம்பெனியின் டெலிவரி ஆர்டர் மின்னஞ்சலில்தான் வரும். அது வராமல் கன்டெய்னரை வெளியே எடுக்க முடியாது. நாள் ஏற ஏறக் கட்டணமும் ஏறும்.

எங்கள் பழைய சர்வரில் ஓடிய மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் 2016-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால் மாற்றியே ஆக வேண்டியிருந்தது. ஒப்பந்தப்படி அஞ்சல் பெட்டிகள் பகுதி பகுதியாகப் புதிய சர்வருக்குப் போகும். அதுவரை வெளி அஞ்சலைப் பழைய சர்வரே வாங்கி, மாறிவிட்டவர்களுக்கு உரியதைப் புதியதற்குத் தள்ளிவிடும்.

முதலில் இறக்குமதிப் பிரிவு மாறியது. அன்றிலிருந்தே அவர்களுக்கு வெளி அஞ்சல் ஒன்றுகூட வரவில்லை. கேட்டால், "அனுப்புகிறவர் பக்கம் கோளாறு சார், இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது" என்றார் ஒப்பந்தக்காரர். கப்பல் கம்பெனித் தம்பியோ, "அண்ணே, நான் அனுப்பிவிட்டேன். தாமதமாகிறது என்று உங்கள் சர்வரே எனக்கு அறிவிப்பு அனுப்பியிருக்கிறது" என்று அதைப் படமெடுத்து அனுப்பினார். எங்கள் சர்வர் அஞ்சலை வாங்கிக்கொண்டதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? படத்தைக் காட்டியதும் பேச்சு மாறியது. அஞ்சல்கள் சிதைந்துவிட்டனவாம், மீட்க வேண்டுமாம், அதற்குத் தனிக் கட்டணமாம், அதுவும் முன்பணமாக!

எங்கள் கணக்காளரின் மகள் வேறொரு நிறுவனத்தில் சர்வர் வேலை பார்க்கிறவர். அவர் வந்து பழைய சர்வரில் க்யூ வியூவரை, அதாவது அனுப்பக் காத்திருக்கும் அஞ்சல்களின் வரிசையைக் காட்டும் கருவியைத் திறந்தார். அஞ்சல்கள் அத்தனையும் 'ரீட்ரை' (மறுமுயற்சி) நிலையில் வரிசையாக நின்றன. கடைசிப் பிழை என்ற கட்டத்தில் 4-இல் தொடங்கும் எண். 5-இல் தொடங்கினால்தான் நிரந்தர மறுப்பு; 4 என்றால் தற்காலிகத் தடங்கல், சர்வர் மறுபடி முயலும் என்றார். பிறகு டெல்நெட் என்ற இணைப்புக் கருவியில், சர்வர்களுக்கிடையே அஞ்சல் போகும் வாசலான 25-ஆம் போர்ட்டைப் புதிய சர்வரில் தொடர்புகொண்டார். வழி திறந்திருந்தால் 220 என்று தொடங்கும் வரி உடனே வர வேண்டும். கறுப்புத் திரையில் 'கனெக்டிங்' என்ற ஒரே வரி நின்றது. கடைசியில் இணைக்க முடியவில்லை என்று முடிந்தது. புதிய சர்வருக்கு முன்னால் இருந்த ஃபயர்வால் என்ற பாதுகாப்புத் தடுப்பில் 25-ஆம் போர்ட் மூடிக் கிடந்தது. அந்த ஃபயர்வால் ஒப்பந்தக்காரருடையது.

எனக்கு ஆத்திரம் வந்தது இதைக் கேட்டபோதுதான்: எக்ஸ்சேஞ்ச் இயல்பமைப்பில் 2 நாள்தான் முயலும், பிறகு அனுப்பியவருக்கே திருப்பிவிடும். அந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இவர்கள் முன்பணத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

போர்ட்டைத் திறக்கும்படி எழுத்தில் கேட்டோம். திறந்தார்கள். சற்று நேரத்தில் க்யூ காலியானது. எந்த அஞ்சலும் சிதைந்திருக்கவில்லை. ஆனாலும் பில்லில் 'அஞ்சல் மீட்பு' என்று ஒரு வரி இருக்கிறது!

வேலை கொடுப்பவர்கள், ஒரு பெட்டியைக்கூட மாற்றும் முன் இரண்டு சர்வர்களுக்கும் இடையே இருபுறமும் சோதனை அஞ்சல் போய் வருவதை நேரில் காட்டச் சொல்லுங்கள். உங்கள் இணைய முகவரிக்கான டொமைன் கணக்கை உங்கள் பெயரிலேயே வைத்திருங்கள். எங்கள் அஞ்சல் எந்தச் சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றும் கடவுச்சொல் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. அந்த மீட்புக் கட்டணத்தைக் கட்டினால்தான் தருவார்களாம்.