காங்கயம் ரோட்டு பழைய மெஷின் கடை: ஜாமீன் கேட்காமல் தவணைக்குக் கொடுத்தார்கள்

திருப்பூரில் சொந்தமாகப் பவர் டேபிள் (கரண்டில் ஓடும் மெஷின்கள் வைத்து, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்) போட நினைக்கும் டைலர்களுக்காக, முக்கியமாகப் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய தையல் மெஷின் விற்கும் இந்தக் கடை காங்கயம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. போர்டு கிடையாது. வாசலில் நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கும்.

பதினொரு வருடம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் பின்னித் தைக்கும் மெஷின்) ஓட்டினேன். காலை 8.30-க்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு 8 மணி, அதுதான் ஒன்றரை ஷிப்ட். ஆடி கழியட்டும் என்று காத்திருந்து, ஆவணியில் மெஷின் தேட ஆரம்பித்தேன்.

தொழிலாளியாக வந்து முதலாளி ஆனவர்களின் கதை இந்த ஊரில் நிறைய. 1970, 80-களில் காட்டு வேலையை விட்டுவிட்டு வந்து, கட்டிங்கும் தையலும் பழகி, கம்பெனி வைத்த கவுண்டர் வீட்டுப் பிள்ளைகள் பலர். அவர்கள் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களில் பலருக்கு ஊரில் தோட்டம் இருந்தது, கையெழுத்துப் போட மாமன் மச்சான் இருந்தார்கள். என் அப்பா தாராபுரம் பக்கம் பண்ணையத்துக்குக் கூலி ஆளாக இருந்தவர். எனக்கு யார் ஜாமீன் போடுவது?

சிறு தொழிலுக்காக 2015-இல் வந்த மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில், ‘சிசு’ என்ற முதல் பிரிவிலேயே 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கடன் உண்டு. நான் போன வங்கிக் கிளையில் ‘தெரிஞ்சவங்க யாரையாவது கூட்டிட்டு வாம்மா’ என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். இரண்டு மெஷின் கடைகளில் விலை சொல்வதற்கு முன்பே, ‘எந்த ஊருங்க, யாரு வூட்டுப் புள்ளைங்க?’ என்றார்கள். கொங்கு நாட்டில் அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்பது கேட்கிறவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள். அப்புறம் தவணை கிடையாது, ரொக்கம்தான் என்றார்கள்.

இந்தத் தார்ப்பாய்க் கடையில் அந்தக் கேள்வி வரவில்லை. கடைக்காரர் பனியனின் உடம்புத் துணியும், கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியும் கையில் கொடுத்து, ‘ஒரு கழுத்து ஏத்திக் காட்டுங்க அம்மிணி’ என்றார். தைத்துக் கொடுத்தேன். இழுத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். ‘கை நல்லா இருக்குதுங்க. எத்தனை மெஷின் வேணும்?’ அவ்வளவுதான். வெளியே வந்து தார்ப்பாய்க்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

ஜூகி பிராண்டு ஓவர்லாக் இரண்டு, ஒன்று 21,000. மடித்த ஓரம் தைக்கும் சிருபா பிராண்டு பேட்லாக் 34,000. சாதாரண நேர்த்தையல் போடும் சிங்கிள் நீடில் 14,000. மொத்தம் 90,000. சீட்டு எடுத்த பணத்தில் 35,000 முன்பணம் கொடுத்தேன், மீதியை வாரம் 2,500 வீதம் 22 வாரத்தில் கட்டினேன். வட்டி என்று தனியாக இல்லை, ஆனால் ரொக்க விலையைவிட மெஷினுக்கு 1,500 கூட வைத்திருக்கிறார். கம்பெனியில் சனிக்கிழமை பணம் வராத வாரங்களில் திங்கட்கிழமை வரை பொறுத்துக்கொண்டார்.

குறைகளும் உண்டு. மெக்கானிக் ஒருவர்தான். பேட்லாக்கில் லூப்பர் (அடிநூலைக் கோக்கும் பாகம்) உடைந்தபோது மூன்று நாள் கழித்து வந்தார். அந்த மூன்று நாளும் சும்மா இருந்த இரண்டு டைலர்களுக்கு நான் கூலி கொடுத்தேன். பில் என்று துண்டுச் சீட்டுதான் தருவார், மெஷின் நம்பரை நீங்களே கேட்டு எழுதி வாங்க வேண்டும். ஓவர்லாக் இரண்டும் பழைய கிளட்ச் மோட்டாரோடு வந்தன. சத்தமும் அதிகம், கரண்டும் அதிகம். கரண்டு குறைவாக இழுக்கும் சர்வோ மோட்டார் மாற்றித் தரச் சொல்லி விலை பேசுங்கள்.

கம்பெனியிலிருந்து கட்டிங் பீஸ் வருகிறது, தைத்துக் கொடுக்கிறேன். பீஸுக்கு என்ன ரேட் என்று இன்றைக்கும் கம்பெனிதான் சொல்கிறது. அதனால் முதலாளி ஆகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் சூப்பர்வைசரிடம் போய் நிற்காமல் வீட்டுக்குப் போகிறேன். அப்பா வந்தால் வாசலில் நிற்பதில்லை, உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டிக் கொடுக்கிறார்.

கடைக்கு ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை சாயங்காலம் தவணை கட்ட வருகிற கூட்டம் இருக்கும், மெஷின் பார்க்கச் செவ்வாய், புதன் காலையில் போங்கள். நீங்கள் வழக்கமாகத் தைக்கும் துணியில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போங்கள், எப்படியும் தைத்துக் காட்டச் சொல்வார்.