வீட்டுக்கு ஓர் இழையா, 32 வீட்டுக்கு ஓர் இழையா?

ஃபைபர் இணைப்பு என்று ஒரே பெயரில் விற்கப்பட்டாலும், சேவை நிறுவனத்தின் இணைப்பகத்திலிருந்து வீட்டுச் சுவர் வரை கண்ணாடியிழை வந்து சேர்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வீட்டுக்கு வீடு தனி இழை. மற்றொன்று, ஓர் இழை தெரு வரை வந்து ஸ்பிளிட்டர் என்ற சிறு பெட்டியில் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிவது. இதற்குப் 'பான்' (PON) என்று பெயர். (தெருமுனை வரை ஃபைபர், அதன்பின் பழைய செம்புக் கம்பி என்று ஒரு மூன்றாவது வகையும் இருக்கிறது. செம்பில் தூரம் கூடக்கூட வேகம் சரிந்துவிடும் என்பதால் அதை இந்தப் போட்டியில் சேர்க்க எனக்கு மனமில்லை.)

பானைப் பற்றிய முதல் புகார், 'பகிர்வதால் வேகம் குறையும்' என்பது. பானில் பரவலாக உள்ள ஜிபான் (GPON) தரத்தில் இறக்கத்துக்கு (டவுன்லோட்) நொடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட், ஏற்றத்துக்கு (அப்லோட்) 1.25 ஜிகாபிட். 32 வீடுகளும் ஒரே நொடியில் முழு மூச்சாக இறக்கினால் ஆளுக்கு 78 மெகாபிட் அளவில் கிடைக்கும். அப்படி எல்லோரும் ஒன்றாக இறக்குவது அரிது. தனி இழை வைத்திருப்பவரும் இணைப்பகத்தைத் தாண்டியதும் மற்றவர்களோடு பகிரத்தான் வேண்டும். ஆகவே இந்தப் பயம் மிகைப்படுத்தப்பட்டது என்பதே என் கணிப்பு.

உண்மையான சிக்கல் ஏற்றப் பாதையில் இருக்கிறது. 32 வீட்டுக் கருவிகளும் ஒரே இழையில் பேச வேண்டும். இருவர் ஒன்றாகப் பேசினால் இரண்டுமே குழம்பிவிடும். எனவே ஒவ்வொருவருக்கும் இணைப்பகம் நேரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. கண்ணாடிக்குள் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் 5 மைக்ரோ நொடி ஆகும். அதனால் ஒவ்வொரு வீட்டின் தூரத்தையும் முதலில் அளந்து, அருகில் இருப்பவரைச் சற்றுக் காத்திருக்க வைக்கிறார்கள். இந்த ஒழுங்கு அழகாகவே நடக்கும், ஒரு கருவியின் லேசர் அணையாமல் எரியத் தொடங்கும் வரை. அப்படி நேர்ந்தால் அந்த இழையைப் பகிரும் எல்லா வீடுகளும் முடங்கிவிடும். யார் வீட்டுக் கருவி என்று கண்டுபிடிப்பதும் எளிதல்ல. தனி இழையில் ஒருவர் பழுது ஒருவரோடு நின்றுவிடும்.

ஒளியிலும் கஞ்சத்தனம் வேண்டும். ஒளி இழப்பை டெசிபல் என்ற அலகில் அளப்பார்கள்; 32 ஆகப் பிரிக்கும்போதே சுமார் 17 டெசிபல் போய்விடுகிறது. ஜிபானில் பரவலான ஒரு வகை மொத்தம் 28 டெசிபல் இழப்பு வரை தாங்கும். மீதமுள்ள 11-இல் தூரம், ஒட்டுகள், அழுக்கேறிய இணைப்பு முனைகள் எல்லாம் அடங்க வேண்டும்.

அப்படியிருந்தும் வீடுகளுக்குப் பான்தான் பெரும்பாலும் போடப்படுகிறது. ஸ்பிளிட்டருக்கு மின்சாரம் வேண்டாம். தெருவில் மின்சாரம் போனாலும் அது தன்பாட்டில் ஒளியைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும். தனி இழைக்கு இணைப்பகத்தில் 32 லேசர், 32 போர்ட். பானுக்கு ஒன்று போதும். குழி தோண்டும் இயந்திரம் கேபிளைக் கிழித்த நாளில் இந்த வேறுபாடு இன்னும் உறைக்கும். ஒவ்வொரு இழையையும் தோலுரித்து, நேராக வெட்டி, மின் தீப்பொறியில் உருக்கி ஒட்ட வேண்டும். ஆயிரம் வீடுகளுக்கு ஆயிரம் இழைகளை இப்படி ஒட்டுவதும், முப்பத்திச் சொச்சம் இழைகளை ஒட்டுவதும் ஒன்றாகுமா?

வேகத்தை உயர்த்துவதில் இரண்டு வழிகளும் சமம். 10 ஜிகாபிட் தரும் அடுத்த தலைமுறைப் பான், ஜிபான் புழங்கும் 1490, 1310 நானோமீட்டர் ஒளி அலைநீளங்களைத் தொடாமல் 1577, 1270-இல் ஓடுவதால் பழைய இழையிலேயே இரண்டும் சேர்ந்து வாழும்.

புதிதாகக் குழாய் பதிக்கும் இடத்தில் என்னைக் கேட்டால், வீட்டுக்கு வீடு தனி இழையை இணைப்பகம் வரை இழுத்துவிட்டு, ஸ்பிளிட்டரை அங்கே உள்ளே வைக்கச் சொல்வேன். இன்று பானாக ஓடட்டும். நாளை எவருக்காவது தனி இணைப்பு வேண்டுமென்றால் அவருடைய இழையை மட்டும் பிடுங்கி வேறு போர்ட்டில் செருகிவிடலாம். கேபிள் தடிக்கும், செலவு கூடும். தெருவை மறுபடி தோண்டும் செலவு அதைவிடப் பெரிது.