320 ஆம்பியர் என்று நம்பி ரோபோவில் போட்டேன், 20 நிமிடத்தில் புகைந்துவிட்டது

ரோபோவுக்காக ஆர்சி கார் (ரிமோட் கார்) இஎஸ்சி, அதாவது மோட்டாரின் வேகத்தையும் திசையையும் கட்டுப்படுத்தும் சாதனம், வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் ரோபோ 14 கிலோ. பக்கத்துக்கு ஒரு 12 வோல்ட் கியர் மோட்டார். திரும்ப வேண்டுமென்றால் ஒரு பக்கச் சக்கரம் முன்னாலும் மறுபக்கச் சக்கரம் பின்னாலும் சுற்ற வேண்டும். ஆன்லைனில் விற்பவரிடம் இரண்டே கேள்விதான் கேட்டேன். மோட்டார் சிக்கிக்கொண்டால் 30 ஆம்பியர் இழுக்கும், தாங்குமா? ரிவர்ஸ் உண்டா? "320 ஆம்பியர் சார், கவலையே வேண்டாம். ரிவர்ஸும் இருக்கு" என்றார். இரண்டு வாங்கினேன்.

ரிவர்ஸ் இருந்தது உண்மைதான். ஆனால் ஓடும்போது ரிமோட்டின் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் முதலில் பிரேக் மட்டும்தான் பிடிக்கும். நடுநிலைக்குக் கொண்டுவந்து மறுபடி இழுத்தால்தான் பின்னால் சுற்றும். வேகமாக ஓடும் காரின் கியர் பல் உடையாமலிருக்க அது நல்ல ஏற்பாடு. ரோபோவில் ஒரு சக்கரம் நிற்கிறது, மற்றது ஓடுகிறது, வண்டி எங்கேயோ போகிறது. ரோபோவை இயக்கும் அர்டுயினோ போர்டின் நிரலில், இடையில் 1500 மைக்ரோசெகண்ட் பல்ஸ் (நடுநிலைக்கான சிக்னல்) கொஞ்ச நேரம் அனுப்பி ஒருவழியாகச் சமாளித்தேன். அதை மாற்ற செட்டிங் எதுவும் கிடையாது. ரோபோவுக்குத்தான் என்று சொல்லித்தான் வாங்கினேன், இதை அவர் சொல்லியிருக்க வேண்டும்.

(இரண்டு இஎஸ்சியின் சிவப்பு வயரையும் ஒன்றாக அர்டுயினோவுக்குக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டிலிருந்தும் 5 வோல்ட் வருகிறது. ஒன்றைக் கழற்றிவிடுங்கள்.)

அப்புறம்தான் பெரிய ஆபத்து. இருபதாவது நிமிடம், கார்ப்பெட்டில் திரும்பும்போது புகை வந்தது. ஸ்டிக்கை விட்டேன், வலது சக்கரம் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னல் வயரைப் பிடுங்கினேன், நிற்கவில்லை. இஎஸ்சியின் சுவிட்சை அணைத்தேன், அதற்கும் நிற்கவில்லை. அந்தச் சின்ன சுவிட்ச் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு மட்டும்தான். பேட்டரி நேராக மாஸ்ஃபெட்டுக்கு, அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் மின்னணு சுவிட்சுக்குப் போகிறது. மாஸ்ஃபெட் எரிந்தால் பெரும்பாலும் ஷார்ட் ஆகிவிடும், அதனால் மோட்டாருக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். பக்கத்தில் நின்ற தம்பி சட்டென்று காலை இழுத்துக்கொண்டதால் தப்பினான். பேட்டரி கனெக்டரைப் பிடுங்கிய பிறகுதான் வண்டி நின்றது.

அந்த 320 எங்கிருந்து வந்தது? மாஸ்ஃபெட் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்), அதன் உறை 25 டிகிரியிலேயே இருந்தால் எவ்வளவு தாங்கும் என்று ஒரு எண் இருக்கும். அதுபோன்ற எண்களைக் கூட்டி மேலே அச்சடித்தால்தான் இப்படி வரும். பேட்டரி வயரைப் பார்த்தாலே சந்தேகம் வர வேண்டும். 320 ஆம்பியர் தொடர்ந்து போக விரல் தடிமனுக்குச் செம்பு வேண்டும்; இதில் இருந்தது பேனா ரீஃபில் தடிமன்.

விற்பவர் முதலில் மோட்டார் சரியில்லை என்றார். பிறகு, காரில் போட்டிருந்தால் ஓடியிருக்கும் என்றார். என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டாரின் மின்தடை 0.4 ஓம், அதனால்தான் 12 வோல்ட்டில் 30 ஆம்பியர். சக்கரம் நிற்பதற்குள் திசையைத் திருப்பினால் மோட்டார் தானே உண்டாக்கும் மின்னழுத்தமும் சேர்ந்து இது கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். என் நிரல் அதைத்தான் செய்திருக்கிறது. சரி, 60 ஆம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். 320-இல் அது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லையே! இதை எழுதி அனுப்பினேன். வீடியோ கேட்டார், அனுப்பினேன். அதோடு பதில் நின்றுவிட்டது.

வாங்கும்போது தொடர்ந்து எத்தனை ஆம்பியர், எத்தனை வோல்ட்டில், காற்றோட்டம் இல்லாமல் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பிரேக் பிடிக்காமல் நேராக ரிவர்ஸ் போகுமா என்றும் கேளுங்கள். கிராலர் மோட் (மெதுவாகப் பாறை ஏறும் கார்களுக்கான செட்டிங்) உள்ளவை போகும். நான் இப்போது ரோபோவுக்கென்றே செய்த மோட்டார் டிரைவருக்கு மாறிவிட்டேன். பேட்டரி வயரிலேயே ஃபியூஸும், கை எட்டும் இடத்தில் பெரிய சுவிட்சும் போட்டிருக்கிறேன்.

எரியாத இன்னொரு இஎஸ்சி என்னிடம் இருக்கிறது. நண்பர் ஒருவர் தன் ரோபோவுக்குக் கேட்டார், கொடுக்கவில்லை.